பிள்ளைகள் கிளம்பிய வீட்டில் அம்மாவின் கடிகாரம்

சிங்கப்பூரில் பிள்ளைகள் தவணை முறையில்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். மகனாக இருந்தால் முதல் தவணை, கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை. சாங்கியில் படகேறி புலாவ் தேக்கோங் பயிற்சித் தீவுக்குப் போகிறவன், தொடக்கத்தில் முகாமிலேயே இருந்துவிட்டு, பிறகு வார இறுதிகளில் அழுக்குத் துணி மூட்டையோடு வருவான். ஞாயிறு மாலை மறுபடி கிளம்புவான். ஈராண்டு இப்படிப் போகும். அடுத்தது பல்கலைக்கழக விடுதி, இல்லையென்றால் மெல்பர்ன், லண்டன். கடைசித் தவணை கல்யாணமும், முன்பதிவு செய்து காத்திருந்து வாங்கும் பிடிஓ அரசு வீட்டின் சாவியும். திருமணமாகாதவர் தனியாக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். அதனால் உள்ளூரிலேயே படித்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் முப்பதை நெருங்கும்வரை பெற்றோருடனேயே இருக்கிறார்கள். வீடு முழுதாகக் காலியாகும்போது அம்மா ஐம்பதைத் தாண்டியிருப்பார், சிலர் அறுபதைத் தொட்டிருப்பார்கள்.

இந்தத் தவணை முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் “சனிக்கிழமை வந்துவிடுவான்”, “டிசம்பர் விடுமுறைக்கு வந்துவிடுவாள்” என்று வீடு பழைய அமைப்பிலேயே காத்திருக்கிறது. கடைசிப் பிள்ளையும் போன பிறகு பார்த்தால் குக்கர், அலமாரி, காலை அலாரம் எல்லாம் ஐந்து பேருக்கான கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மனம் ஆறாமல் இழுத்துக்கொண்டே போவதற்கு, பாசத்தைவிட இந்த மாறாத அமைப்புதான் பல வீடுகளில் காரணம். அதில் கைவைத்தால் மனமும் மெல்ல வழிக்கு வரும்.

முதலில் கடிகாரம். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக அம்மாவின் நாளை மற்றவர்களின் நேரம்தான் அமைத்துத் தந்தது. பள்ளி ஏழரைக்கு என்றால் அவர் எழுவது ஐந்தே காலுக்கு; துணைப்பாடம் எட்டு மணிக்கு முடியும் என்றால் இரவுச் சாப்பாடு எட்டரைக்கு. இந்த நேரங்கள் போய்விட்ட பிறகு ஏக்கம் நாள் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை. குறிப்பிட்ட மணிக்கு வந்து நிற்கும்: விடியற்காலை, பள்ளி விட்டு வரும் பிற்பகல் நேரம், வெள்ளி இரவு. எந்த நேரத்தில் கனக்கிறது என்று ஒரு வாரம் நாள்காட்டியில் குறித்து வைத்தாலே இரண்டு மூன்று இடங்கள் தெளிவாகத் தெரிந்துவிடும். மாற்ற வேண்டியது அந்த இரண்டு மூன்று மணி நேரத்தைத்தான். மீதி நாள் பெரும்பாலும் தானாகவே ஓடுகிறது.

இதற்கு நடைமுறையில் உதவுவது, எழும் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் தினமும் ஒரே சீராக வைத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டே இரண்டு நாள், வீட்டுக்கு வெளியே, நம் வரவை எதிர்பார்க்கும் ஆட்கள் இருக்கும் ஓர் இடத்துக்குப் போவது. ‘எதிர்பார்க்கும் ஆட்கள்’ என்பதுதான் முக்கியம். தனியாக நடக்கப் போவதை மழை வந்தால் விட்டுவிடுவோம். கோயிலில் பூத்தொடுக்கும் குழுவிலோ சமூக மன்ற வகுப்பிலோ இரண்டு முறை காணவில்லை என்றால் யாராவது அழைத்துக் கேட்பார்கள். நூலக வாசிப்புக் குழு, சமூக மன்றத்தின் இந்திய நற்பணிச் செயற்குழு, 60 வயதானவர்களுக்கு அக்கம்பக்கத்துத் துடிப்புடன் மூப்படைதல் நிலையம் என இடங்களுக்குக் குறைவில்லை. தவறு நடப்பது எண்ணிக்கையில். முதல் மாதத்திலேயே யோகா, கோலம், கணினி, கீபோர்டு என ஐந்தில் பெயர் கொடுத்துவிட்டு, ஆறாவது வாரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “எனக்கு எதுவும் ஒத்துவரவில்லை” என்ற முடிவுக்கு வருகிறவர்கள் நிறைய. இரண்டில் தொடங்கி மூன்று மாதம் கழித்து மூன்றாவதைச் சேர்த்தால் நிலைக்கும்.

வேலைக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் கூடுதலாகக் கிடைத்த 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சித் தொகைக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் அதை வேலை சார்ந்த தேர்ந்தெடுத்த பயிற்சிகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். பொழுதுபோக்கு வகுப்புக் கட்டணத்துக்கு அது ஆகாது. வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம் செய்து விற்பதற்கோ தையலுக்கோ வீவகவிடம் தனி அனுமதி கேட்கத் தேவையில்லை. வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டுமே வேலை செய்ய வேண்டும், வாசலில் விளம்பரப் பலகை கூடாது, அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் கூடாது. தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே ஆர்டர் எடுக்கத் தொடங்கும் அம்மாக்களுக்கு இந்த வரம்பே போதுமானது.

அடுப்படிக்கு வருவோம். காலியான வீடு முதலில் தன்னைக் காட்டிக்கொள்வது இங்கேதான். அரிசி குக்கரோடு வரும் அளவுக் குவளை 180 மில்லிலிட்டர். அதில் ஏறக்குறைய 150 கிராம் அரிசி பிடிக்கும். வளரும் பையன்கள் இருந்த வீட்டில் வேளைக்கு இரண்டரைக் குவளை போட்ட கை, இருவருக்கு ஒரு குவளை போதும் என்பதை ஏற்க மாதக்கணக்காகும். ஏற்றுக்கொண்டாலும் பழைய 1.8 லிட்டர் குக்கரில் ஒரு குவளை அரிசி ஒழுங்காக வேகாது. அகலமான அடிப்பாகத்தில் அரிசியும் நீரும் மெல்லிய அடுக்காகப் பரவி, மேலே வேகும் முன் கீழே காய்ந்து பழுப்பேறும். 0.6 லிட்டர் குக்கர் ஒன்று வாங்குவதை வீண் செலவாக நினைக்க வேண்டியதில்லை. மிச்சச் சோற்றை மறுநாளும் அம்மாவே சாப்பிட்டுத் தீர்க்கும் வழக்கம் அதோடு நிற்கும்.

குழம்பைப் பாதியாக்குவதற்கும் கணக்கு உண்டு. பருப்பும் காயும் பாதி ஆகலாம். தண்ணீரைப் பாதியாக்கினால் குழம்பு கெட்டித்துவிடும். ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது, அளவைப் பொறுத்ததல்ல. அதே அகலச் சட்டியில் வைத்தால் பாதியைவிடக் கால் பங்கு கூடுதல் நீர் வேண்டும், அல்லது சின்னச் சட்டிக்கு மாற வேண்டும். புளி எலுமிச்சை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு இறங்கலாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே போடுங்கள். மாவு அரைப்பதில் இன்னொரு சிக்கல்: இரண்டு லிட்டர் கிரைண்டரில் அரைக் குவளை உளுந்து போட்டால் அது பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், கல்லுக்குச் சிக்காது, மாவு பொங்காது. அந்த அளவுக்கு மிக்சியில் குளிர்ந்த நீர் விட்டு அரைப்பதே மேல். நம் ஊர் வெக்கையில் எட்டு மணி நேரத்தில் மாவு புளித்துவிடும், அதன்பின் உடனே குளிர்பெட்டிக்குள் போக வேண்டும். வாரம் ஒருமுறைதான் இட்லி என்றாகிவிட்டால், தேக்கா சந்தையில் விற்கும் பொட்டல மாவை வாங்குவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

உறைய வைப்பவர்களுக்கு: ரசம், பருப்பு, கொண்டைக்கடலை நன்றாகத் தாங்கும். உருளைக்கிழங்கு போட்ட சாம்பார் உருகியதும் மணல் மணலாகும். தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு திரிந்தது போலப் பிரியும். தேங்காய் சேர்க்கும் முன் ஒரு பங்கை எடுத்து உறைய வைத்துவிட்டு, சூடாக்கும்போது தேங்காயும் தாளிப்பும் சேர்த்தால் குறை தெரியாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் பிள்ளைக்குப் பொடியும் ஊறுகாயும் கொடுத்தனுப்பும்போது, கொண்டுபோகிறவர் வருகை அட்டையில் உணவுப் பொருள் இருப்பதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். குறிப்பிடாமல் மாட்டிக்கொண்டால் அபராதம் கடுமையானது.

சமைக்காமல் விடுவதுதான் இதைவிடப் பெரிய ஆபத்து. கணவர் வேலை முடிந்து வெளியே சாப்பிட்டு வருகிறார், பிள்ளை இல்லை, “எனக்கு ஒருத்திக்கு எதற்கு அடுப்பு” என்று டீயும் ரொட்டியும் இரவுச் சாப்பாடாகிவிடும். புரதம் குறைந்து தசை தளர்வது ஐம்பதுக்கு மேல் எளிதில் திரும்பி வராத இழப்பு. நீரிழிவுக்கு கிளிபிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் சாப்பாட்டைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கலாம். உணவு நேரமும் அளவும் மாறியிருக்கிறது என்பதை அடுத்த மருத்துவச் சந்திப்பில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருந்தளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப எழுதப்பட்டது.

பிள்ளையின் அறையை என்ன செய்வது? அப்படியே பூட்டி வைப்பது அன்பாகத் தோன்றினாலும், நம் ஈரப்பதத்தில் பூட்டிய அறை சில வாரங்களிலேயே பூசணம் பிடிக்கும். தோல் காலணி, பெல்ட், கம்பளித் துணி, புத்தகம் என்ற வரிசையில் கெடும். தினமும் ஒரு மணி நேரம் சன்னலைத் திறந்து விசிறியை ஓடவிடுங்கள், அலமாரிக் கதவையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். முதல் ஆறு மாதம் பெரிதாக எதையும் அகற்றாமல் இருப்பது நல்லது. அதற்குள் பிள்ளை திரும்பி வரவும் கூடும். அதன்பின் ஒரு நாள் குறித்து, பிள்ளையை நேரிலோ காணொளியிலோ வைத்துக்கொண்டு பிரிக்கலாம். பிறப்புச் சான்றிதழ், தேர்வுச் சான்றிதழ்கள், தடுப்பூசி விவரம் உள்ள உடல்நலக் கையேடு ஆகியவை ஒரே உறையில் போக வேண்டும். மகனுடைய ராணுவச் சீருடையையும் பூட்ஸையும் பழைய துணியோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சாதாரணப் படைவீரருக்கு 40 வயது வரையும் அதிகாரிக்கு 50 வரையும் முகாமுக்கு அழைப்பு வரக்கூடும். சொல்லாமல் தூக்கிப்போட்ட ஒரு பெட்டி பல ஆண்டு மனத்தாங்கலாக மாறுவது உண்டு.

அறையை வாடகைக்கு விட நினைத்தால் மூவறை வீடோ அதைவிடப் பெரியதோ இருக்க வேண்டும். உரிமையாளர் அதே வீட்டில் தொடர்ந்து குடியிருக்க வேண்டும். வாடகைக்காலம் தொடங்கும் முன் வீவக அனுமதி பெற வேண்டும். ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம். வெளிநாட்டவர் என்றால் அவருடைய மூல அனுமதி அட்டையைக் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. வாடகையை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். எழுத்தில் வராத விஷயங்களில்தான் சண்டை வரும்: அடுப்படியை எப்போது பயன்படுத்தலாம், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சமைக்கலாமா, துணி காயப்போடும் கழி எத்தனை, குளிர்சாதனம் எத்தனை மணி நேரம். இவற்றைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டையே விற்றுச் சிறிய வீட்டுக்கு மாறுவதை மட்டும் முதல் ஆண்டில் முடிவு செய்ய வேண்டாம். துக்கத்தில் எடுக்கும் முடிவு அது. விற்ற வீட்டைத் திரும்ப வாங்க முடியாது.

தொலைபேசி விஷயத்தில் நேர வேறுபாட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதி மனக்கசப்பு குறையும். பெர்த்துக்கும் நமக்கும் ஒரே நேரம். மெல்பர்ன் நம்மைவிட இரண்டு மணி முன்னே, அங்கே கோடைக்காலத்தில் மூன்று. லண்டன் கோடையில் ஏழு மணி நேரமும் குளிர்காலத்தில் எட்டு மணி நேரமும் பின்னே. லண்டனில் படிக்கும் மகள் வகுப்பு முடிந்து மாலை ஆறுக்கு அழைத்தால் இங்கே இரவு ஒரு மணி, அல்லது இரண்டு. அந்த அழைப்புக்காக விழித்திருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் அம்மாக்கள் அதிகம். அவள் காலை எட்டுக்குப் பசியாறும்போது இங்கே பிற்பகல் மூன்று அல்லது நான்கு. பள்ளிப் பையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்த அதே நேரம். வாரத்தில் ஒருநாள் அந்த நேரத்தை நீண்ட பேச்சுக்கு ஒதுக்கி, மற்ற நாள்களில் ஒரு படமோ குரல்பதிவோ போதும் என்று வைத்துக்கொண்டால் இருவருக்கும் சுமையில்லை. “சாப்பிட்டியா?” என்று தினமும் கேட்டால் “ம்” என்றுதான் பதில் வரும். “நேற்று எந்தக் கடையில் சாப்பிட்டாய்?” என்றால் நான்கு வரி வரும். பதில் வரவில்லை என்றால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, பிறகு எந்த அறைத்தோழருக்கு அழைப்பது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி, எண்ணை வாங்கி வையுங்கள். வெளியுறவு அமைச்சின் இணையப் பதிவில் பிள்ளை தன் விவரத்தைச் சேர்ப்பதும் நல்லது.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால் வரும் கஷ்டம் சிறிதல்ல. வேலைக்குப் போன பிள்ளை வீட்டுச் செலவுக்குத் தந்த பணம், அந்தப் பிள்ளை தன் சொந்த வீட்டுக் கடனைக் கட்டத் தொடங்கியதும் குறையும். ஆனால் நகர மன்றக் கட்டணமும் இணையக் கட்டணமும் ஆள் குறைந்ததால் குறையாது. பணிப்பெண் உள்ள வீட்டில் கடைசிப் பிள்ளைக்கு 16 வயதானதும் அரசுக்குக் கட்டும் 60 வெள்ளியாக இருந்த மாதத் தீர்வை, வேறு சலுகைக்குத் தகுதி இல்லாவிட்டால், 300 ஆகிவிடும்; பல வீடுகளில் அந்தப் பெண்ணும் ஊருக்குத் திரும்புகிறார், அம்மாவுக்குப் பகலில் இருந்த ஒரே பேச்சுத்துணையும் போகிறது.

வேலைக்கே போகாத, அல்லது இடையில் நிறுத்திய அம்மாக்களின் மத்திய சேம நிதிக் கணக்கு மெலிந்திருக்கும். 55 வயதுக்கு மேல், ஓய்வுக்காலக் கணக்கில் அடிப்படை ஓய்வுக்காலத் தொகை என்று அரசு வகுத்த அளவுக்கும் குறைவாக வைத்திருந்து, வருமானம், சொத்து ஆகிய வரம்புகளுக்குள் வருபவர்களுக்கு, கணக்கில் ரொக்கமாகப் போடும் பணத்துக்கு அரசாங்கம் ஈடாக ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை, வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை சேர்க்கிறது. 2025 முதல் இதற்கு வயது உச்சவரம்பும் இல்லை. பிள்ளைகள் மாதா மாதம் கொடுப்பதில் ஒரு பகுதியை டிசம்பர் 31க்குள் அம்மாவின் கணக்கில் போட்டால், ஈட்டுத் தொகை அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் வந்து சேரும். கவனிக்க வேண்டியது: அங்கே போட்ட பணத்தை அவசரத்துக்கு மொத்தமாக எடுக்க முடியாது, மாதத் தொகையாகத்தான் வரும். கைச்செலவுக்குத் தேவையான ரொக்கத்தை ஒதுக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும்.

இனி உடம்பும் மனமும். பிள்ளைகள் போனதால் வரும் வெறுமை ஒரு நோயாக மருத்துவப் பட்டியல்களில் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் நோர்வல் கிளென் 1975இல் வெளியிட்ட ஆய்வு, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் அதே நடுவயது அம்மாக்களைவிட அனுப்பிவைத்தவர்கள் சற்று மகிழ்ச்சியாகவே இருப்பதாகச் சொன்னது. ஆனால் நம் வீடுகளில் இது மாதவிடாய் நிற்கும் பருவத்தோடு வந்து மோதுகிறது. பெரும்பாலான பெண்களுக்கு அது 45க்கும் 55க்கும் இடையில். தூக்கம் கெடுவது, திடீர் வியர்வை, எரிச்சல், காரணமில்லாத அழுகை எல்லாவற்றையும் “பிள்ளை நினைப்பு” என்று குடும்பம் தள்ளிவிடுகிறது, அம்மாவும் நம்பிவிடுகிறார். தைராய்டுக் குறைபாடும் ரத்தச்சோகையும் இதே முகத்தோடு வரும். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ இந்த இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 50 வயதிலிருந்து ஈராண்டுக்கு ஒருமுறை மார்பக ஊடுகதிர்ப் படமும் எடுக்க வேண்டும். மாதவிடாய் முழுதாக நின்று ஓராண்டு ஆனபின் ஒரு துளி ரத்தம் வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

ஏக்கம் அலையலையாக வரும், இடையில் சிரிக்கவும் முடியும். ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடக்கிறது, பிடித்ததும் பிடிக்கவில்லை, பசி, தூக்கம் மாறிவிட்டன என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. தமிழில் மனம்விட்டுப் பேச பீட்டி சாலையில் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் எந்த நேரமும் தற்கொலைத் தடுப்பு உதவி எண் 1767ஐ அழைக்கலாம். தேசிய மனநல உதவி எண் 1771.

கணவரோடு தனியாக மிஞ்சுவது சிலருக்குத் தனிமையைவிடக் கடினமாக இருக்கிறது. இருவரும் பிள்ளை வழியாகவே பேசிப் பழகிவிட்டார்கள். பெண்களை 18 ஆண்டுகள் தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு 2008இல் வெளியானது. பிள்ளைகள் போன பிறகு மணவாழ்வில் நிறைவு கூடியதற்கு, சேர்ந்திருக்கும் நேரம் அதிகரித்தது காரணமாக இல்லை, இருக்கும் நேரம் இனிமையானதே காரணம் என்று அது கண்டது. நாள் முழுக்க ஒரே கூடத்தில் ஆளுக்கொரு திரை பார்ப்பதைவிட, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் புளோக்கைச் சுற்றி நடப்பது பயன் தரும். கணவர் இல்லாதவர்கள் வாழ்நாளில் முதன்முறையாகத் தனியாக இரவு கழிக்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் மறந்துவிடக் கூடாது. நம்பகமான அண்டை வீட்டாரிடம் ஒரு சாவி, குளியலறையில் பிடிகம்பி, படுக்கைக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் விளக்கு, காலையில் ஒரு வணக்கச் செய்தி. பத்து மணிக்குள் அது வராவிட்டால் பிள்ளை அழைக்க வேண்டும்.

பிறகு பேரப்பிள்ளை வரும். வெறுமை தீர்ந்தது என்று எல்லாப் பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொண்டு, ஆறு மாதத்தில் முதுகு வலியோடும் சொல்ல முடியாத கோபத்தோடும் நிற்பது அடிக்கடி நடக்கிறது. எத்தனை நாள், எத்தனை மணி வரை, அம்மாவின் வகுப்பு நாள் எது, குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் யார் விடுப்பு எடுப்பது என்று குழந்தை பிறக்கும் முன்பே மகளோடும் மருமகனோடும், மகனோடும் மருமகளோடும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அம்மாவுடையதாக இருக்கட்டும். வேலைக்குப் போகும் தாய்க்கு, 12 வயது வரையுள்ள பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்வதற்காக வரிக்குரிய வருமானத்தில் 3,000 வெள்ளி கழிவு இருக்கிறது. அந்தச் சேமிப்பு பாட்டியின் கைக்கு வருவதே நியாயம். அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று உங்களிடம் இருக்கும். சாம்பார் சூடாக இருக்கிறதே என்று அதைத் திறந்துகொண்டு உள்ளே போகாமல், கீழ்த்தளத்தில் நின்று ஒரு அழைப்பு கொடுத்துவிட்டு மின்தூக்கியில் ஏறுங்கள்.